யு3 ரயிலில் ஏறினால் அமெரிக்கா!

அமெரிக்காவைக் கரைத்துக் குடிக்க ஆசையா? நியூயார்க்குக்கு டிக்கெட் தேடாதீர்கள். பெர்லினுக்கு வாருங்கள்!

நகரின் தென்மேற்கு மூலையில் டாலெம் என்றொரு பகுதி. யு3 ரயிலில் வந்து டாலெம்-டார்ஃப் நிலையத்தில் இறங்குங்கள். 1913-இல் திறந்த அந்த நிலையத்துக்கு நாணல் வேய்ந்த கூரை! ஜெர்மன் கிராமத்து வீடு போலவே இருக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லான்ஸ் தெரு. வந்தாயிற்று. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் ஜான் எஃப். கென்னடி வட அமெரிக்க ஆய்வு நிறுவனம். அமெரிக்கப் பண்பாட்டையும் அரசியலையும் முதுகலைப் பாடமாகப் படிக்க ஐரோப்பாவில் இதைவிடச் சுவையான இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தம் போடாமல் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

இலக்கியம், பண்பாடு, வரலாறு, அரசியல், சமூகவியல், பொருளாதாரம் என ஆறு துறைகள் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நாவல் படிக்கிறவரும் வட்டி விகிதம் படிக்கிறவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். இது வெறும் இட வசதி இல்லை, படிப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்வோம். 1992 மே மாதம். 'மர்ஃபி பிரவுன்' என்ற நகைச்சுவைத் தொடரில், செய்தி வாசிப்பாளராக வரும் நாயகி கல்யாணம் ஆகாமலே குழந்தை பெற்றுக்கொள்கிறாள். மறுநாளே துணை ஜனாதிபதி டான் குவேல் மேடை ஏறி அந்தக் கற்பனைப் பெண்ணைக் கண்டிக்கிறார்! நாட்டின் துணை ஜனாதிபதிக்கும் நாடகப் பாத்திரத்துக்கும் சண்டை. இதில் என்ன பாடம் என்கிறீர்களா? அந்த உரைக்கு மூன்று வாரம் முன்புதான் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்து, லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்திருந்தது. அந்தக் கலவரத்துக்குக் காரணம் வறுமையா, போலீஸா, குடும்பச் சிதைவா என்ற வாதத்தில்தான் குவேல் மர்ஃபி பிரவுனை இழுத்தார். சமூகவியல் மாணவர் தனித்தாய்க் குடும்பங்களின் புள்ளிவிவரத்தோடு வருவார். பொருளாதார மாணவர் தொழிற்சாலைகள் மூடிய கதையைச் சொல்வார். வரலாற்று மாணவர் அதே நகரின் 1965 வாட்ஸ் கலவரத்துக்குப் போவார். இலக்கிய மாணவர் வசனத்தைப் பிரித்து மேய்வார். தொடரே செப்டம்பரில் ஓர் அத்தியாயம் முழுக்கக் குவேலுக்குப் பதில் சொன்னது. நவம்பர் தேர்தலில் புஷ்-குவேல் அணி தோற்றது. அரை மணி நேரத் தொடர் ஒன்றுக்குள் இத்தனை அமெரிக்கா! இதைப் படிப்பு என்று சொல்வதா, கொண்டாட்டம் என்று சொல்வதா?

நூலகத்தில் தலையை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடலாம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வட அமெரிக்க ஆய்வுக்கென ஐரோப்பாவில் உள்ள மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று இது. பழைய அமெரிக்கச் செய்தித்தாள்கள் மைக்ரோஃபிலிம் சுருள்களாகக் காத்திருக்கின்றன.

உண்மையான திரைமறைவுக் கதை இந்த வளாகத்துக்கே உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நான்காகப் பிரிந்த பெர்லினில், பழைய பல்கலைக்கழகம் சோவியத் பகுதிக்குள் போயிற்று. அங்கிருந்த நெருக்கடி பொறுக்காமல் வெளியேறிய மாணவர்கள் 1948-இல் அமெரிக்கப் பகுதியான டாலெமில் புதிதாகத் தொடங்கியதுதான் இந்தச் சுதந்திரப் பல்கலைக்கழகம். சோவியத் முற்றுகையில் இருந்த நகரத்துக்கு நிலக்கரியும் மாவும் விமானத்தில் வந்திறங்கிய காலம் அது! பிறகு ஃபோர்ட் அறக்கட்டளையின் பணத்தில் ஹென்றி ஃபோர்ட் கட்டடம் எழுந்தது. 1963 ஜூன் 26 அன்று, ஷோனபெர்க் நகர்மன்றத்தின் முன் புகழ்பெற்ற உரையை முடித்துவிட்டு, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வந்து மாணவர்களிடம் பேசியது இந்தக் கட்டடத்தின் முன்னால்தான். ஐந்தே மாதத்தில் அவர் சுடப்பட்டார். அந்த ஆண்டு உருவான ஆய்வு நிறுவனத்துக்கு அவர் பெயர் வந்தது.

அந்த நிறுவனத்தை உருவாக்கிய எர்ன்ஸ்ட் ஃபிரெங்கலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. யூத வழக்கறிஞர். ஹிட்லர் ஆட்சியில் பெர்லினிலேயே இருந்துகொண்டு, அந்த ஆட்சி சட்டத்தை எப்படிச் சட்டத்தாலேயே கொன்றது என்று ரகசியமாக எழுதியவர். 1938-இல் தப்பி அமெரிக்கா போனார், சிகாகோவில் மீண்டும் சட்டம் படித்தார், பிறகு திரும்பி வந்து ஜெர்மன் இளைஞர்களுக்கு அமெரிக்க ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுத்தார். இந்த மனிதரை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னும் கேளுங்கள். பனிப்போரில் ஐரோப்பிய அறிவுஜீவிகளைத் தன் பக்கம் இழுக்க அமெரிக்கா பணத்தை வாரி இறைத்தது. 1950-இல் மேற்கு பெர்லினில் கூடிய பண்பாட்டுச் சுதந்திர மாநாட்டுக்குப் பின்னால் சிஐஏவின் பணம் இருந்தது அறுபதுகளின் நடுவில் அம்பலமானது. ஜாஸ் இசைக்கும் அதில் பங்குண்டு. வெளியுறவுத் துறை ஏற்பாட்டில் 1958-இல் உலகம் சுற்றிய டேவ் புரூபெக்கின் குழு நம் சென்னைக்கும் வந்தது, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தது! அமெரிக்கப் பண்பாட்டைப் படிக்க வருகிற மாணவர், அந்தப் பண்பாடு எப்படி ராஜதந்திரமாக ஏற்றுமதி ஆனது என்பதையும் சேர்த்தே படிக்கிறார். தான் நிற்கும் தரையையே தோண்டிப் பார்க்கும் படிப்பு இது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அமெரிக்கா ஊட்டி வளர்த்த பல்கலைக்கழகம் அமெரிக்காவையே தட்டிக் கேட்டது தெரியுமா? வியட்நாம் போரை எதிர்த்து 1966-இல் மேற்கு பெர்லின் மாணவர்கள் அமெரிக்கப் பண்பாட்டு மையமான அமெரிக்கா ஹவுஸ் கட்டடத்தின் மீது முட்டை வீசினார்கள். 1968 மாணவர் கிளர்ச்சியின் முகமான ரூடி டுட்ஷ்கே இதே பல்கலைக்கழகத்தின் சமூகவியல் மாணவர்.

யு3 பாதையும் ஒரு பாடப்புத்தகம்தான். டாலெம்-டார்ஃபிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தின் பெயர் 'ஓங்கெல் டாம்ஸ் ஹ்யூட்டெ'. ஆமாம், ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1852-இல் வெளியிட்ட அடிமைமுறை எதிர்ப்பு நாவலின் தலைப்பேதான்! அந்தப் பக்கம் இருந்த ஓர் உணவு விடுதியின் பெயர் நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டது. 2020-இல் அதை மாற்றக் கோரும் இயக்கமும் எழுந்தது. அமெரிக்க இனவெறியின் வரலாற்றைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற ரயிலில் அந்த அறிவிப்பு ஒலித்தால் எப்படி இருக்கும்!

அமெரிக்காவை வெளியே இருந்து படிப்பது இரண்டாந்தரமில்லையா என்று சிலர் கேட்பார்கள். இல்லவே இல்லை. கறுப்பின மக்களின் நிலையை ஆராய கார்னெகி நிறுவனம் தேடிப் பிடித்தது குன்னார் மிர்தால் என்ற ஸ்வீடன்காரரை. 1944-இல் வந்த அவருடைய நூலை, பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் உச்ச நீதிமன்றமே சுட்டியது. உள்ளே இருப்பவருக்குப் பழகிப்போனது வெளியாளின் கண்ணை உறுத்துகிறது. அதிக வாக்கு வாங்கியவர் ஏன் தோற்கிறார் என்ற கேள்வியில் வெளியாள் அப்படியே நின்றுவிடுகிறார். 2016 ஜனாதிபதித் தேர்தலில் சுமார் 29 லட்சம் வாக்கு கூடுதலாகப் பெற்றும் ஹிலாரி கிளின்டன் தோற்றார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வர்களில் 270 பேரை யார் பிடிக்கிறார் என்பதுதானே கணக்கு!

அந்தக் கணக்கு நடக்கும் தேர்தல் இரவில் பெர்லினில் தூக்கம் கிடையாது. நள்ளிரவு 12 மணிக்கு இண்டியானா, கென்டக்கியின் சில பகுதிகளில் வாக்குப்பதிவு முடியும். 5 மணிக்குக் கலிபோர்னியா. அலாஸ்காவின் கடைசிச் சாவடி மூடும்போது பெர்லினில் காலை 7 மணி.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஆங்கில இலக்கியம், வரலாறு, அரசியல் அறிவியல் படித்து முடிக்கப்போகும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு எட்டாத உயரம் இல்லை. கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ செலுத்தினால் போதும், ரயில் பயணச் சீட்டும் அதில் அடக்கம். வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 யூரோ இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். அது பெரிய தொகைதான், அதனால் உதவித்தொகை தேடலை ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடுங்கள். வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. தயங்காமல் விண்ணப்பியுங்கள்!