கொள்ளைநோய்க் காலத்திற் காசநோயாளர்: பூநகரியை முன்வைத்து ஒரு நோக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019 இற் புதிதாகக் கண்டறியப்பட்டுப் பதிவான காசநோயாளர் ஏறத்தாழ 71 இலட்சம். 2020 இல் அத்தொகை 58 இலட்சமாக வீழ்ந்தது. நோய் தணிந்தமையின் விளைவு இதுவெனக் கொள்ளுதல் பொருந்தாது. கொவிட்-19 பரவிய அவ்வாண்டில் நோயாளரைக் கண்டறியும் பணியே தளர்ந்தது. காசநோய் இறப்புக்களோ பல்லாண்டுகளின் பின் முதன்முறையாக உயர்ந்தன.

இத்தளர்ச்சி எவ்வாறு நேர்கின்றது என்பதைப் பூநகரியில் வைத்து நோக்குவோம். வயலையும் கடலையும் நம்பி வாழும் இப்பிரதேசத்து மக்கள் முழங்காவில், நாச்சிக்குடா, கிராஞ்சி எனத் தொலைவாய்ச் சிதறிய ஊர்களிற் குடியிருக்கின்றனர். 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் யாழ்ப்பாணம் இவர்களுக்கு அண்மையதாயிற்று. ஆயினும் பூநகரி கிளிநொச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. 2020 மார்ச் 20 முதல் ஊரடங்குச் சட்டமும், அதனோடு மாவட்டங்களுக்கிடையிலான பயணத்தடையும் வந்தபோது, பாலத்தின் மறுகரை வேற்று மாவட்டமாகிவிட்டது. நாட்கூலியையும் மீன் விற்பனையையும் இழந்த குடும்பத்துக்கு, கிளிநொச்சி நகருக்குச் செல்லும் செலவுங்கூடப் பெருஞ்சுமையே.

காசநோய்ச் சிகிச்சை பொதுவாக ஆறு மாதங்கள் நீடிப்பது. முதல் இரு மாதங்கள் நான்கு மருந்துகளும், எஞ்சிய நான்கு மாதங்கள் இரு மருந்துகளும் உட்கொள்ளப்படும். சில வாரங்களில் இருமல் தணிய, நோயாளி குணமடைந்துவிட்டதாக எண்ணி மருந்தை நிறுத்துவதுண்டு. எஞ்சிய கிருமிகள் பெருகி மருந்துக்கு அடங்காதனவாதலும் கூடும். இதனாலேயே பிறரொருவர் பார்த்திருக்க மருந்து விழுங்கும் முறை ஏற்பட்டது. ஊரடங்கு நாட்களில் இலங்கை அஞ்சற்றிணைக்களம் கிளினிக் நோயாளரின் மருந்துகளை வீடுகளுக்குச் சேர்ப்பித்தது. பெரிதும் பாராட்டத்தக்க பணி அது. எனினும் அஞ்சற்பொதி மருந்தைக் கொணருமேயன்றி, அது விழுங்கப்பட்டதா எனப் பாராது. இன்னும் கண்டறியப்படாத நோயாளிக்கோ அப்பொதியே இல்லை.

இருமலைப் பற்றிய அச்சமும் ஈண்டுக் கருதத்தக்கது. இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டுமென்பது பழைய அறிவுரை. கொள்ளைநோய் நாட்களில் இருமியவரை அயலார் அஞ்சினர். தனிமைப்படுத்தலுக்கு அஞ்சி இருமலை மறைத்தோரும் உளர். சிகிச்சை பெறாத நுரையீரற் காசநோயாளி ஒருவர் ஓராண்டில் 5 முதல் 15 பேர் வரையிற் கிருமியைத் தொற்றுவிக்கலாம் என்பர். வீட்டினுள் அடைபட்ட குடும்பத்தினரே இதற்கு முதலில் ஆளாவர்.

2022 இற் புதிதாகப் பதிவானோர் உலகெங்கும் 75 இலட்சமாயினர். அவர்களுட் பலர் முன்னிரு ஆண்டுகளிலும் கண்டறியப்படாது விடப்பட்டோராதல் வேண்டும்.