லே நகரின் உலர் கழிப்பிடங்கள்: மலம் எருவாக எத்தனை கோடை வேண்டும்?

லடாக்கில் உள்ள லே நகரின் பழைய குடியிருப்பு, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒன்பது அடுக்கு அரண்மனையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. இவ்விடம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவே பெய்யும். குளிர்காலத்தில் உஷ்ணம் பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேட் வரையிலும் இறங்குவதுண்டு. நீர் அரிதாகவும், கிடைக்கும் நீரும் உறைந்துவிடுவதாகவும் உள்ள இப்பிரதேசத்தில் நீர் வேண்டாத கழிப்பிடமே நெடுங்காலம் வழங்கி வந்ததில் வியப்பில்லை.

இதன் அமைப்பு எளியது. மேல்தளத்து அறையின் தரையில் ஒரு துவாரமும், அதற்கு நேர் கீழே ஓர் அடைப்பறையும் இருக்கும். கழிப்பிடத்தைப் பயன்படுத்தியவர் உலர்ந்த மண்ணையோ அடுப்புச் சாம்பலையோ துவாரத்தினுள் தள்ளிவிடுவார். அது ஈரத்தை உறிஞ்சி, நாற்றத்தையும் ஈ மொய்ப்பதையும் குறைக்கும். பின்னர் கீழறையைத் திறந்து, மக்கிய எருவைப் பார்லி வயல்களுக்குக் கொண்டு செல்வர்.

1974-ஆம் ஆண்டில் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. விடுதிகள் பெருகின, அவற்றோடு நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்களும் கசிவுக் குழிகளும் பெருகின. இவற்றால் விளையும் தீமைகள் மூன்று. குளிர்காலத்தில் குழாய்கள் உறைகின்றன. குழிகளிலிருந்து கசியும் நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. ஈரம் ஊறிய இடத்தில், பச்சைச் செங்கல்லால் கட்டிய பழைய சுவர்கள் வலுவிழக்கின்றன.

எனினும், பழைய முறையை அப்படியே மேற்கொள்வதும் போதாது. அதில் அறை ஒன்றே. பழைய எருவின்மீது புதிய மலம் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே அறையைத் திறப்பவர் மக்காத மலத்தையும் அள்ள நேரிடும். முற்றும் மக்குமுன் மனிதர் கையால் அகற்ற வேண்டிய கழிப்பிடத்தை 2013-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் சுகாதாரக் கேடானதென வகுத்துள்ளது.

மலத்தை மக்கச் செய்பவை நுண்ணுயிர்கள். உஷ்ணம் குறையக் குறைய அவற்றின் வேலை மந்தமாகும், உறைநிலையில் நின்றுவிடும். நோய்க் கிருமிகளுள் பல நாளடைவில் அழியும். ஆனால் நாக்குப்பூச்சியின் முட்டைகள் எளிதில் அழிவதில்லை. 2 முதல் 20 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மலத்தைச் சேமித்து வைக்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2006-ஆம் ஆண்டு அறிவுரை. லேயில் அத்தகைய உஷ்ணம் நிலவுவது ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதங்களே. உறைந்த மாதங்களைக் கழித்தால், எருவுக்கு மூன்று கோடைகாலம் ஓய்வு வேண்டும் என்பது புலனாகும்.

இதற்கு ஏற்ற வழி இரண்டு அறைகள் அமைப்பதே. ஒன்று பயன்படும் மூன்று ஆண்டுகளும் மற்றது மூடிக் கிடக்க வேண்டும். ஒருவர் ஆண்டில் கழிக்கும் மலம் ஏறத்தாழ 50 லிட்டர். ஐவர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று ஆண்டில் 750 லிட்டர் ஆகும். அதன்மேல் இடும் மண்ணை ஒன்றரை மடங்கு எனக் கொண்டால், இரண்டு கன மீட்டர் கொள்ளும் அறை போதும். ஆண்டுக்கு ஒருவர் கழிக்கும் சிறுநீரோ ஏறத்தாழ 500 லிட்டர். அதுவும் அறைக்குள் சேர்ந்தால் குவியல் சேறாகும். காற்று புகாமல் நாற்றமெடுக்கும். ஆதலால் சிறுநீரையும், கால் கழுவும் நீரையும் தனித்தனியே பிரித்துவிடுதல் நன்று. சிறுநீரில் தழைச்சத்து மிகுதியாதலால், அது வயலுக்குப் பயன்படும்.

கள ஊழியர்கள் வீட்டாருக்கு வலியுறுத்த வேண்டியவை சில உண்டு. ஓய்விலுள்ள அறையின் துவாரத்தைப் பலகையிட்டு மூடுக. மூடிய தேதியை அறைக் கதவின்மீது எழுதி வைக்குக. குளிர் தொடங்குமுன் உலர்ந்த மண்ணைச் சேமித்துக்கொள்க. மண் தீர்ந்த வீட்டில் ஈயும் நாற்றமும் உடனே தோன்றும். எருவை அள்ளுபவர் கையுறையும் காலணியும் அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுக. பச்சையாக உண்ணும் காய்களுக்கு இவ்வெருவை இட வேண்டாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம்: "ஐப்பசியில் மூடிய அறையை எப்போது திறக்கலாம்?" மாதங்களை மட்டும் எண்ணும் மாணவன் விடை தவறுவான், கோடைகளை எண்ணுபவன் சரியாகச் சொல்வான்.