மொழிபெயர்ப்பாளருக்கான செலவு: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

வன்னிக்குக் கள ஆய்வுக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கு நான் இடையிடையே மொழிபெயர்த்து வருகிறேன். பலர் மாணவர்கள்; கையில் காசு குறைவு. குறைந்த செலவில் யாரைப் பிடிக்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கொழும்பிலிருந்து ஒருவரை அழைத்துவந்தால் நாட்சம்பளத்தோடு பயணச்செலவும் தங்குமிடமும் சேரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களையோ உள்ளூர் ஆங்கில ஆசிரியர்களையோ அமர்த்தினால் அது மிச்சம். நேர்காணல்களை ஊர்வாரியாக ஒழுங்குசெய்தால் நாட்களும் குறையும்.

ஆனால் ஆயத்தத்தில் மிச்சம் பிடிக்கக்கூடாது. 'காணாமல் போனவர்' வேறு, 'காணாமல் ஆக்கப்பட்டவர்' வேறு. 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்த தாய் சொல்வது இரண்டாவதை. மொழிபெயர்ப்பில் அது முதலாவதாக மாறினால், கையளித்த கதையே ஆய்விலிருந்து மறைந்துவிடும். எனவே இத்தகைய சொற்களை முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்த அரைநாளாவது வேண்டும்; அதற்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

உள்ளூர் ஆள் மலிவு என்றாலும், அவர் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல எல்லோராலும் முடியாது. பெண்கள் பலர் பெண்ணிடமே மனம்திறப்பார்கள்.

வாக்குமூலம் கொடுக்கும் எம்மவர்களும் தயங்க வேண்டாம். மொழிபெயர்ப்பவர் யார் என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் வேறொருவரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.