ஸ்கீ சங்கத்தை எப்படி நடத்துகிறார்கள்? கடலூரிலிருந்து சில குறிப்புகள்

2014 பிப்ரவரி 7. ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. அணிவகுப்பில் மூன்று இந்தியர்கள் நடந்து போனார்கள்: சிவா கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால். முன்னால் போனது மூவர்ணக் கொடி இல்லை, ஒலிம்பிக் கொடி. "சுயேச்சைப் பங்கேற்பாளர்கள்" என்று அறிவித்தார்கள். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் குளறுபடிக்காக 2012 டிசம்பரில் சர்வதேச கமிட்டி அதைச் சஸ்பெண்ட் செய்திருந்தது. பிப்ரவரி 11 அன்றுதான் அது நீங்கியது. லூஜ் என்னும் சறுக்குவண்டிப் போட்டியில் இருந்த சிவா கேசவனுக்கு 8, 9 தேதிகளிலேயே போட்டி முடிந்துவிட்டது. நதீம் இக்பாலுக்கு 14ஆம் தேதிதான் போட்டி, அதனால் அவருக்குக் கொடி கிடைத்தது. ராணுவத்தில் இருந்த அவர் கலந்துகொண்டது கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங், 15 கிலோமீட்டர்.

யாரோ சில பெரியவர்கள் ஒரு சங்கத்தை ஒழுங்காக நடத்தவில்லை, அதற்கு விலை கொடுத்தது விளையாடுகிறவர்கள். இது ஒலிம்பிக்கில் மட்டும் நடப்பதில்லை. வருவாய் மாவட்டப் போட்டியிலும் நடக்கிறது. அதனால்தான் கடலூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்கீ சங்கங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நமக்கும் பனிக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். மார்கழியில் காலையில் விழுவதைத்தான் நாம் பனி என்கிறோம். ஆனால் ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் ஒரு விளையாட்டில் வைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு, நான் பார்த்தவரை, மிகத் தெளிவான பதில் இந்த விளையாட்டில்தான் இருக்கிறது.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். சினிமாவில் மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிறார்களே, அது வேறு. அது ஆல்பைன். கிராஸ் கன்ட்ரியில் காலணியின் முன்பக்கம் மட்டும்தான் ஸ்கீயோடு பூட்டப்படும், குதிகால் தூக்க வரும். மேடு, சமவெளி, பள்ளம் எல்லாவற்றையும் சொந்த பலத்தில் கடக்க வேண்டும். கை, கால், முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் உழைப்பதால் உடல் ஆக்சிஜனை உறிஞ்சும் அளவில் இந்த வீரர்கள் உலகிலேயே உச்சத்தில் இருப்பவர்கள். பழைய பாணியில் இரண்டு தடத்துக்குள் நேராகப் போவார்கள், புதிய பாணியில் ஸ்கேட்டிங் போல விரித்துத் தள்ளுவார்கள். ஸ்வீடனில் 1922இல் தொடங்கிய வாசலோபெட் என்ற பந்தயம் 90 கிலோமீட்டர். கடலூரிலிருந்து சிதம்பரம் போய், கீழ வீதியில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் ஏறக்குறைய அந்தத் தூரம். ஸ்கீயில்.

இதில் கில்லாடிகள் நார்வேக்காரர்கள். மக்கள்தொகை சுமார் 55 லட்சம். 2011 கணக்குப்படி கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர். அதாவது இரண்டு கடலூர் மாவட்டம் சேர்ந்தால் ஒரு நார்வே. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த இரண்டு கடலூர் 16 தங்கம் வாங்கியது. பனி இருக்கு, பணம் இருக்கு, வாங்குறாங்க என்று சொல்லலாம். பனியும் பணமும் உள்ள நாடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

அங்கே அமைப்பு மூன்று அடுக்கு. கீழே ஊர் கிளப். நடுவில் வட்டாரச் சங்கம், அதை 'கிரெட்ஸ்' என்பார்கள். மேலே 1908இல் தொடங்கிய தேசிய ஸ்கீ சம்மேளனம். நமக்கும் இதே மாதிரி மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசிய சம்மேளனம் என்று அடுக்கு இருக்கிறது. வித்தியாசம் நடு அடுக்கு செய்கிற வேலையில். வட்டாரச் சங்கத்தின் முதல் வேலை காலண்டர். பனிக்காலம் சில மாதம்தான். அதற்குள் எந்த ஞாயிறு எந்த ஊரில் பந்தயம் என்று கிளப்புகளோடு பேசி முன்கூட்டியே பிரித்துவிடுவார்கள். இரண்டு ஊரில் ஒரே நாளில் பந்தயம் வராது. அடுத்த வேலை பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி. அங்கே பெரும்பாலும் அப்பா அம்மாக்கள்தான் பயிற்சியாளர்கள். பந்தயத்தைச் சரியாக நடத்த நடுவர்களைத் தயார் செய்வதும் இவர்கள்தான். பதின்மூன்று வயதுக்கு மேல் ஆர்வமுள்ளவர்களை வட்டார முகாம்களில் சேர்ப்பார்கள். 15, 16 வயதில் ஹூவெட்லான்ட்ஸ்ரென்னெட் என்ற தேசிய இளையோர் பந்தயத்துக்கு வட்டாரத்தின் பெயரில் அழைத்துப் போவார்கள். இதில் கவர்ச்சி எதுவும் இல்லை. எக்செல் ஷீட், போன், வேன் வாடகை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் ஆச்சரியம் தந்தது விதிமுறைப் புத்தகம். குழந்தைகள் விளையாட்டுக்கு நார்வே 1987இல் விதிகள் கொண்டுவந்தது. 2007இல் அதைக் குழந்தைகளின் உரிமைகள் என்றே மாற்றி எழுதினார்கள். பிள்ளைக்கு 6 வயது ஆகும் வருஷத்திலிருந்து உள்ளூர்ப் பந்தயம், 9 வயதிலிருந்து வட்டாரப் பந்தயம். 11 வயதுக்கு முன்னால் ரேங்க் பட்டியலே போடக்கூடாது. 13 வயதுக்கு முன்னால் தேசிய சாம்பியன், ஐரோப்பிய சாம்பியன் எதுவும் கிடையாது. 12 வயதுவரை பரிசு கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்கணும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். மீறுகிற கிளப்புக்குத் தண்டனை உண்டு.

இதைக் கேட்டால் நம்ம ஊரில் சிரிப்பார்கள். போட்டி இல்லாமல் சாம்பியன் எப்படி வருவான்? ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 12 வயதில் ஒரு பையன் மீசை அரும்பி நிற்பான், பக்கத்தில் இன்னொருவன் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பான். பிறந்த மாதம் ஜனவரியா டிசம்பரா என்பதே அந்த வயதில் பெரிய வித்தியாசம். அப்போது ரேங்க் போட்டால் நாம் அளப்பது திறமையை இல்லை, வளர்ச்சியை. தோற்றவன் போய்விடுவான். பதினெட்டு வயதில் அவன்தான் வேகமாக ஓடக்கூடியவன் என்றால் அது யாருக்கும் தெரியாமலே போகும். ஆக, இது பிள்ளைகள் மேல் காட்டும் கருணை மட்டும் இல்லை, டேட்டாவை அவசரப்பட்டு வடிகட்டாமல் வைத்திருப்பது. மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது உடனே புரியும்.

இன்னும் இரண்டு விதிகள். 2009 முதல், பிள்ளைகளோடு வேலை செய்யும் எந்தத் தன்னார்வலரும் போலீஸ் சான்றிதழ் காட்ட வேண்டும். அப்பாவாக இருந்தாலும் சரி. அடுத்தது மெழுகு. ஸ்கீயின் அடியில் தடவும் மெழுகில் ஃப்ளோரின் சேர்த்தால் சும்மா பறக்கும், விலையும் பறக்கும், உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நார்வே அதை 2018-19 சீசனிலேயே தடை செய்தது. உலகச் சம்மேளனம் 2023-24இல்தான் அந்த முடிவுக்கு வந்தது. காசுள்ள அப்பாவின் மகன் மெழுகால் ஜெயிப்பதைத் தடுக்க ஒரு விதி! நம் கிரிக்கெட் அகாடமிகளில் மட்டை விலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பணம் எங்கிருந்து? அரசு லாட்டரி நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங்கின் லாபத்தில் 64 சதவீதம் விளையாட்டுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு நேராக ஊர் கிளப்புகளின் பிள்ளைகளுக்கான செலவுக்கு. மீதி 'டுக்னாட்'. ஊர் கூடிச் செய்யும் கூலியில்லா வேலை என்று சொல்லலாம். நம்ம ஊரில் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட ஆள் வருகிற மாதிரி, அங்கே பந்தயத்துக்கு வருகிறார்கள். ஒருவர் எண் அட்டை கட்டுவார், ஒருவர் சூப் ஊற்றுவார், ஒருவர் வளைவில் கொடியோடு நிற்பார்.

அமெரிக்காவில் இதே வேலையை நியூ இங்கிலாந்து நார்டிக் ஸ்கீ அசோசியேஷன் செய்கிறது. 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டரில் வெள்ளி வாங்கிய வெர்மான்ட்காரர் பில் காக்கின் பெயரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு லீக் வைத்திருக்கிறார்கள். அரசுப் பணம் பெரிதாக இல்லாத ஊரில் வட்டாரச் சங்கம் எப்படி நிற்கும் என்பதற்கு நமக்கு நார்வேயைவிட இதுதான் நெருக்கமான உதாரணம்: உறுப்பினர் சந்தா, நன்கொடை, பெற்றோர்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் ஊர் கிளப் வேலையைச் செய்தது சீருடைதான். குல்மார்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி, அவுலியில் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸின் பயிற்சி நிலையம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்குப் போன ஜகதீஷ் சிங்கும் ராணுவம். 2020இல் லேயிலும் குல்மார்கிலும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் தொடங்கின. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆனாலும் 2025 பிப்ரவரியில் பனி போதாமல் அங்கே போட்டியைத் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். அந்தப் போட்டிகளில் கிராஸ் கன்ட்ரியில் தங்கம் வாங்கியவர் குடகுக்காரரான பவானி தெக்கட நஞ்சுண்டா. காபித் தோட்ட ஊர்! என்.சி.சி. வழியாக மலைக்குப் போய், பிறகு ஸ்கீக்கு வந்தவர். தெற்கிலிருந்து போக முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் தனியொருத்தியாகப் போனார். பின்னால் ஒரு வட்டாரச் சங்கம் இருந்து அனுப்பவில்லை.

இப்போது நம்ம பக்கம். தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டு குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும். 14, 17, 19 வயதுப் பிரிவுகள். கட்டமைப்பாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏணி. ஆனால் ஏணியில் ஏற மட்டும்தான் வழி இருக்கிறது. குறுவட்டத்தில் நான்காவது வந்த பிள்ளைக்கு அடுத்த போட்டி அடுத்த வருஷம்தான். நார்வேயில் அதே பிள்ளைக்கு அடுத்த ஞாயிறு.

இன்னொன்று, சான்றிதழ். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அது நல்லதுதான், பல ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. ஆனால் அதனாலேயே எட்டாம் வகுப்பிலேயே பெற்றோர் கேட்பது "சர்டிபிகேட் செல்லுமா சார்?" என்றுதான். செல்லும் என்றால் பிள்ளை வரும், செல்லாது என்றால் டியூஷன். பத்தாம் வகுப்பு வந்தால் எப்படியும் டியூஷன். மாவட்டச் சங்கங்களில் சண்டை வருவதும் பெரும்பாலும் இதற்காகத்தான், ஏனென்றால் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது ஒரு அதிகாரம். 2025 ஆகஸ்டில் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் மேல்மட்டச் சம்மேளனங்களின் தேர்தலையும் வழக்குகளையும் ஒழுங்குபடுத்தப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலண்டரை எந்தச் சட்டமும் போட்டுத் தராது.

சில வருஷம் முன்னால் பக்கத்து மாவட்டத்தில் ஒரு சப்-ஜூனியர் போட்டிக்குப் போயிருந்தேன். காலை 6 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பத்தே முக்காலுக்கு. எட்டு வயதுப் பிள்ளைகளின் 60 மீட்டர் ஓட்டம் நடந்தபோது மணி பன்னிரண்டரை, மே மாதம். பொறுமையாக நின்று கடைசியில் ஓடிய குழந்தைகளைப் பார்த்தபோது யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை, எல்லாருமே சிரித்த முகமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்கீ பந்தயத்தில் இப்படி நடக்க முடியாது, காரணம் தொடங்கும் முறை. ஒவ்வொருவராக 30 விநாடி இடைவெளியில் கிளம்புவார்கள். 120 பிள்ளைகள் என்றால் சரியாக ஒரு மணி நேரம். 15 விநாடி என்றால் அரை மணி. உன் எண் 47 என்றால் நீ எத்தனை மணி எத்தனை விநாடிக்குக் கோட்டில் நிற்கணும் என்பது முந்தின நாளே அச்சாகிவிடும். எண் 1 கிளம்புவது 9 மணி என்றால் 47ஆம் எண் 9 மணி 23 நிமிடத்துக்கு. விருந்தினருக்காகக் காத்திருக்க அந்தப் பட்டியலில் இடமே இல்லை. தாமதமாக வந்தால் அவர் 80ஆம் எண்ணைப் பார்க்கலாம். ஒரு கோடு, ஒரு கடிகாரம் போதும். எட்டு லேன் மைதானம்கூட வேண்டாம்.

இந்த முறையை ஓட்டத்துக்கோ சைக்கிளுக்கோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஸ்கீதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: ரோலர் ஸ்கீ. குட்டையான கட்டையின் இரு முனையிலும் சக்கரம், கையில் அதே கோல். நார்வே வீரர்களே கோடை முழுக்கத் தார்ச்சாலையில் இதில்தான் பயிற்சி செய்கிறார்கள். தமிழ்நாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் பழகிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விரித்துத் தள்ளும் அசைவு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சங்கம் பதிவு செய்ய 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் போதும். காலண்டர் போட ஒருவர், கணக்கு எழுத ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர் என்று பிரித்தாலும் நாலு பேர் மீதி. இடம்? சில்வர் பீச்சுக்குப் போகும் தேவனாம்பட்டினம் சாலை காலை ஐந்தரைக்கு ஓரளவு காலியாக இருக்கும். ரோலர் ஸ்கீயில் பிரேக் சரியாக நிற்காது, அதனால் குறுக்குத் தெருக்களில் ஆள் நிறுத்தணும், அதற்கு அந்த நாலு பேர். கடற்காற்றில் சாலையோரம் மணல் படிந்திருக்கும், சக்கரம் மாட்டினால் பிள்ளை முகம் குப்புற விழும். முதல் எண் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஒருமுறை பெருக்கிவிட வேண்டும்.