மலைக்கு வரும் புத்தகம்: தபால் வழிச் சங்கத்தில் சேர்ந்தால் காசு மிச்சமா?

தபாலில் புத்தகம் அனுப்பும் சங்கத்தில் சேர்ந்தால் படிக்கிற செலவு குறையுமா? கேள்வி சின்னதுதான். ஆனால் கொடைக்கானலிலோ, பண்ணைக்காட்டிலோ, மன்னவனூரிலோ உட்கார்ந்து கேட்டால் பதில் வேற மாதிரி வரும். சென்னையில் இருப்பவருக்குப் புத்தகத்தின் விலை என்பது அட்டையில் அச்சிட்ட விலை. மலையில் இருப்பவருக்கு அது பாதிக் கதை. பெரிய தமிழ்ப் புத்தகக் கடை வேணும்னா திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்கணும். மதுரை சுமார் 120 கிலோமீட்டர். போகவும் வரவும் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பஸ் காசு, சாப்பாடு, போன அன்றைய கூலி எல்லாம் சேர்த்தால்தான் அந்தப் புத்தகத்தின் உண்மையான விலை.

தபால் வழிப் புத்தகச் சங்கம் என்ற யோசனையே இப்படிப்பட்ட ஊர்களுக்காக வந்ததுதான். 1926-இல் அமெரிக்காவில் ஹாரி ஷெர்மன் என்பவர் 'புக் ஆஃப் த மன்த் கிளப்' தொடங்கினார். பெரிய நகரங்களைத் தாண்டினால் அங்கே புத்தகக் கடை அரிது. தபால்காரர் மட்டும் எல்லா ஊருக்கும் போவார். ஒரு தேர்வுக் குழு மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும், அது வீட்டுக்கு வந்து சேரும். முதல் புத்தகம் போனது 5,000-க்கும் குறைவான உறுப்பினர்களுக்குத்தான். பத்து வருஷம் கழித்து, 1936-இல், இங்கிலாந்தில் விக்டர் கோலன்ஸ் 'லெஃப்ட் புக் கிளப்' ஆரம்பித்தார். மாதம் ஒரு புத்தகம், விலை இரண்டரை ஷில்லிங். மூன்றே வருஷத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஊர் ஊராக உறுப்பினர்கள் குழுவாகக் கூடி அந்தப் புத்தகத்தைப் பேசினார்கள் என்பது. இதற்குப் பிறகு வருகிறேன்.

விலை எப்படிக் குறைகிறது? இத்தனை பிரதி போகும் என்று பதிப்பாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. விற்காமல் திரும்பி வரும் பிரதி இல்லை, கடைக்காரர் கழிவு இல்லை, கடன் பாக்கி இல்லை. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாசகருக்குத் தள்ளுபடியாக வருகிறது. மந்திரம் எதுவும் கிடையாது.

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, புத்தகம் வாங்குவதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். இன்றைய முன்வெளியீட்டுத் திட்டங்களுக்கு அதுதான் தாத்தா. அச்சுக்கு முன்பே பணம் கட்டினால் குறைந்த விலை என்பது தமிழ்ப் பதிப்புலகில் இன்றும் பெரிய, பல தொகுதி நூல்களுக்கு உயிர் கொடுக்கும் வழி.

உறுப்பினர் சேர்த்துப் புத்தகம் தரும் முறைக்குத் தமிழில் சொல்ல வேண்டிய பெயர் 'வாசகர் வட்டம்'. தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தியும் அவர் கணவரும் 1960-களின் நடுவில் தொடங்கியது. லா.ச.ராமாமிருதத்தின் 'புத்ர', தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', கிருத்திகாவின் 'வாசவேச்வரம்', சா.கந்தசாமியின் 'சாயாவனம்', சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி', கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எல்லாம் அங்கே வந்தவை. அதில் சேர்ந்தவர்களுக்குச் சலுகை விலை ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், எது நல்ல புத்தகம் என்று தேடித் திரியும் வேலையை இன்னொருவர் செய்து கொடுத்தது. அந்தப் பட்டியல் இன்றும் மறுபதிப்பு கண்டுகொண்டிருக்கிறது. ஆனால் வட்டம் நிற்கவில்லை. புத்தகம் நிலைத்தாலும் உறுப்பினர் எண்ணிக்கை நிலைக்காவிட்டால் இந்த ஏற்பாடு ஓடாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு 12 புத்தகம், ஒவ்வொன்றும் 250 ரூபாய், எடை 270 கிராம். சங்கத்தில் சேர 100 ரூபாய், தள்ளுபடி 20 சதவீதம்.

அட்டை விலை 3,000. தள்ளுபடி போக 2,400. மாதம் ஒன்றாக வந்தால் தபாலுக்கு 20 ரூபாய் வீதம் 240. சேர்க்கைக் கட்டணம் 100. ஆக மொத்தம் 2,740. சங்கம் இல்லாமல் அதே 12 புத்தகத்தைத் தபாலில் வாங்கியிருந்தால் 3,240. மிச்சம் 500 ரூபாய். நல்லாத்தான் இருக்கு.

ஆனால் மாதா மாதம் வருகிற 12-ஐயும் படிப்பீர்களா? 7 மட்டும் படித்தால், படித்த ஒரு புத்தகத்துக்கு 391 ரூபாய் ஆகிறது. வேணும்கிற அந்த ஏழை மட்டும் முழு விலையில், தபால் செலவோடு வாங்கியிருந்தால் தலைக்கு 270தான். இந்தக் கணக்குப்படி பன்னிரண்டில் பத்து படித்தால்கூட 274 ஆகி நஷ்டம். பதினொன்று படித்தால்தான் லாபம். தள்ளுபடியைப் பார்க்கும் முன் நம்ம அலமாரியைப் பார்க்கணும்னு சொல்றது இதனால்தான். கட்டாயம் வாங்கியாக வேண்டும் என்கிற சங்கம், நிறையப் படிப்பவருக்கு மட்டுமே சிக்கனம். நேஷனல் புக் டிரஸ்டின் புக் கிளப் போல, சேர்ந்தால் தள்ளுபடி மட்டும் உண்டு, மாதக் கட்டாயம் இல்லை என்கிற ஏற்பாடு மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

மேலே தபாலுக்கு 20 ரூபாய் என்று போட்டேன் இல்லையா, அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. பல வருஷமாகப் பதிவுப் புத்தகத் தபால் என்று ஒன்று இருந்தது. 5 கிலோ புத்தகம் 80 ரூபாயில் நாட்டின் எந்த மூலைக்கும் போகும். 2024 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. அதே கட்டைப் பதிவுப் பார்சலில் அனுப்பினால் இருநூறு ரூபாயைத் தாண்டும். சின்னப் பதிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2025 மே 1 முதல் 'கியான் போஸ்ட்' வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் சாலை, ரயில் வழியாகத்தான் போகும், அதனால் மெதுவாக வரும். பருவ இதழ்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இந்தக் கட்டண அமைப்பை நன்றாகப் பாருங்க. ஒரு புத்தகம் தனியாக வந்தால் 20 ரூபாய். நாலு வீடு சேர்ந்து, வீட்டுக்கு நாலு வீதம் 16 புத்தகத்தை ஒரே கட்டாக வரவழைத்தால், எடை ஐந்து கிலோவுக்குள்தான். புத்தகத்துக்கு ஆறேகால் ரூபாய். சேர்க்கைக் கட்டணமும் ஒரு வீட்டுக்கு 25 ரூபாயாக இறங்கும். அதற்கும் மேலே, ஒருவர் படித்ததை இன்னொருவர் வாங்கிப் படிக்கலாம். லெஃப்ட் புக் கிளப் குழுக்கள் மாதிரி மாதம் ஒரு மாலை உட்கார்ந்து பேசலாம். பேச ஆள் இருந்தால் புத்தகம் படிக்காமல் கிடக்காது. மேலே போட்ட நஷ்டக் கணக்கு அங்கே மாறிவிடும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. பழைய அமெரிக்கச் சங்கங்களில் ஒரு விதி: 'இந்த மாதம் வேண்டாம்' என்று நீங்கள் அட்டை எழுதிப் போடாவிட்டால், வேணும் என்று அர்த்தம். புத்தகமும் வரும், பில்லும் வரும். மறதியை நம்பி நடத்திய வியாபாரம் அது. 1973-இல் அந்த அரசு இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் வழிகாட்டுதல்களிலும், எளிதில் வெளியேற விடாத சந்தாக்கள் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் சேரும் முன் மூணு கேள்வி கேளுங்க: வேண்டாம்னு சொல்ல என்ன வழி? குறைந்தது எத்தனை வாங்கணும்? தபால் செலவு யாருடையது? புதுச் சங்கம்னா முதல் புத்தகத்தை வி.பி.பி.யில் வரவழைப்பது நல்லது. தபால்காரர் கையில் கட்டைக் கொண்டுவந்த பிறகுதான் பணம் கொடுப்போம்.

மலைக்கு மட்டும் உரிய இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரிந்தால் பஸ்ஸோடு தபாலும் நிற்கும். பெரிய கட்டுகளை கோடையிலேயே வரவழைத்துவிட்டால் மழைக்காலத்துக்குப் படிக்க ஆச்சு. ஈரம் இன்னொரு எதிரி. உள்ளே பிளாஸ்டிக் உறை போடச் சொல்லி எழுதிவிடுங்க, வந்த புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீங்க.

இன்னொன்று. 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அதாவது ஒரு பெரிய புத்தகச் சங்கத்துக்கு நீங்கள் ஏற்கனவே சந்தா கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தடவை மட்டும் படிக்கிற நாவலுக்கு முதலில் கிளை நூலகத்தில் கேளுங்க. திரும்பத் திரும்ப எடுக்கிற புத்தகம், அகராதி, பிள்ளைகள் கிழியக் கிழியப் படிக்கிற கதைகள், நூலகத்துக்கு வராத சின்னப் பதிப்பகத்து நூல்கள், இவற்றுக்குச் சங்கத்துக் காசை வையுங்க.

கடைசியாக ஒன்று. மலைப்பாதை தொடங்கும் வத்தலக்குண்டு, சி.சு.செல்லப்பாவின் ஊர். சந்தாதாரர்களை நம்பி 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தியவர். தன் புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். நாம் கணக்குப் பார்க்கும் 500 ரூபாய் மிச்சத்தின் மறுபக்கத்தில் அப்படி ஒருவர் எப்போதும் இருக்கிறார். முன்பணம் கட்டிச் சேரும் பத்து வீடு அவருக்கு அடுத்த புத்தகத்தின் காகிதச் செலவு. அதனால் சிக்கனம் பாருங்க, தப்பில்லை. தள்ளுபடி குறைவாகத் தருகிற சின்னப் பதிப்பாளரிடம் மட்டும் பேரம் பேசாமல், நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கட்டாகக் கேளுங்க. தபாலில் மிச்சமாகும் காசே நமக்குப் போதும்.