நண்பருக்கு ஒரு கேள்வி அனுப்பும் முன்…



மாலை நேரம். பள்ளிவிட்டு வந்து, வீட்டுப் பாடத்தையும் முடித்துவிட்டீர்கள். கைப்பேசியில் உங்கள் நண்பர் குழுவில் ஒரு பொது அறிவுக் கேள்வி வந்து நிற்கிறது.

'நிலவிலிருந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியும், மனிதன் கட்டிய ஒரே கட்டடம் எது? (அ) தாஜ் மகால் (ஆ) எகிப்தியப் பிரமிடு (இ) சீனப் பெருஞ்சுவர் (ஈ) ஈஃபெல் கோபுரம்.'

நீங்கள் ஒரு கணமும் தயங்காமல் 'இ' என்று விடையளிக்கிறீர்கள். 'சரியான விடை!' என்று பாராட்டும் வந்துவிடுகிறது. உடனே அக்கேள்வியை வேறு ஐந்து நண்பர்களுக்கு அனுப்பி வைக்கிறீர்கள்.

ஆனால் அந்த விடை தவறு! நான்கில் எதுவுமே சரியன்று. எப்படி என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கணக்கு சொல்லும் உண்மை

ஒரு பொருள் நம் கண்ணுக்குத் தனியாகத் தெரிய வேண்டுமானால், அது கண்ணில் ஏற்படுத்தும் கோணம் குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது. நல்ல பார்வையுள்ள ஒருவருக்கு அந்த அளவு ஏறத்தாழ ஒரு 'கலை', அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. இதையே வேறு விதமாகவும் கூறலாம். ஒரு பொருள் இருக்கும் தொலைவை 3,400-ஆல் வகுத்தால் வரும் அளவுக்காவது அதன் அகலம் இருக்க வேண்டும்.

நிலவு நம்மிடமிருந்து சராசரியாக 3,84,000 கி.மீ. தொலைவில் உள்ளது. இதை 3,400-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 113 கி.மீ. வருகிறது. நிலவில் நின்று பூமியைப் பார்ப்பவருக்கு ஒரு பொருள் புள்ளியாகவாவது தெரிய வேண்டுமானால், அது 100 கி.மீ.க்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். சீனப் பெருஞ்சுவரின் அகலமோ பெரும்பாலான இடங்களில் 10 மீட்டருக்கும் குறைவு!

'சுவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமாயிற்றே, அது தெரியாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். வெண்மையான வானத்தின் பின்னணியில் கறுப்பு மின்கம்பி ஒன்று ஓடினால், அது மிக மெல்லியதாக இருந்தாலும் நம் கண் அதைக் கண்டுகொள்கிறது. நீண்ட கோடுகளுக்குக் கண் இத்தகைய சலுகை தருவது உண்மையே. அந்தச் சலுகையை 60 மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிலவிலிருந்து தெரிய, கோடு 2 கி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். அது மட்டுமன்று. பெருஞ்சுவரின் நிறம் சுற்றியுள்ள மண்ணின் நிறத்தோடு பெரிதும் ஒத்துப் போவதால், மின்கம்பிக்குக் கிடைக்கும் சலுகை அதற்குக் கிடைக்காது.

1969-இல் நிலவில் நடந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் பீன், அங்கிருந்து பார்க்கையில் மனிதன் கட்டிய எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கூறினார். நிலவை விட்டுவிடுவோம். 2003-இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லீவெய், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியை 14 முறை சுற்றி வந்தார். அவரும் தம் நாட்டுப் பெருஞ்சுவரைத் தம்மால் காண முடியவில்லை என்றே தெரிவித்தார்.

தவறான விடை எப்படிப் பரவுகிறது?

மனிதன் நிலவில் காலடி வைத்தது 1969-இல். ஆனால் அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, 1932-இல், அமெரிக்காவில் ராபர்ட் ரிப்ளி வெளியிட்டுவந்த 'நம்பினால் நம்புங்கள்' படத்தொடரில் இந்தச் செய்தி வந்துவிட்டது. யாரும் போய்ப் பார்க்காத ஓரிடத்திலிருந்து என்ன தெரியும் என்று எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். இப்படியே அது நம் கைப்பேசி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஒருவர் ஐவருக்கு அனுப்புகிறார், அந்த ஐவரும் ஆளுக்கு ஐவருக்கு அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். 5, 25, 125, 625, 3,125, 15,625 என்று பெருகி, ஏழாம் சுற்றில் 78,125 பேரை அது எட்டிவிடும். ஒருவருக்கே இருமுறை, மும்முறை வருவதும் உண்டு என்பதால் உண்மையான எண்ணிக்கை சற்றுக் குறையும். ஆனால் இருமுறை வருவதில்தான் ஆபத்து இருக்கிறது!

1977-இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ என்னும் மூன்று உளவியலார் ஓர் ஆய்வு நடத்தினர். மாணவர்களிடம் பல கூற்றுகளைக் கொடுத்து, அவை எந்த அளவுக்கு உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை இப்படிச் செய்தார்கள். சில கூற்றுகள் மட்டும் ஒவ்வொரு முறையும் மீண்டும் வந்தன. அப்படித் திரும்பத் திரும்ப வந்த கூற்றுகளையே மாணவர்கள் மேலும் மேலும் உண்மையென மதிப்பிட்டனர். உண்மையான கூற்றுக்கு மட்டுமல்ல, பொய்யான கூற்றுக்கும் இதே பலன்தான். முன்பே கேட்ட செய்தி மனத்தில் எளிதாக நுழைகிறது. அந்த எளிமையை நாம் உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம்.

விடைகளைச் சரிபாராமல் படியெடுப்பது பற்றி ஒரு சுவையான வழக்கும் உண்டு. ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்கர் 1974-இல் பொது அறிவுத் துணுக்குகளின் தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். பிறர் தம் நூலைப் பார்த்து எழுதினால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, அதில் வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சேர்த்து வைத்தார். கொலம்போ என்னும் தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் 'பிலிப்' என்பதே அந்தப் பொய். பின்னர் 'டிரிவியல் பர்சூட்' என்ற புகழ்பெற்ற கேள்வி விளையாட்டு வெளிவந்தது. அதன் அட்டை ஒன்றில் 'பிலிப்' என்ற விடை அப்படியே இருந்தது! 1984-இல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நூல்களையும் பயன்படுத்தியதாக விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால் தகவல்கள் எவருக்கும் தனி உடைமை ஆகா என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டிலும் 1987-இல் அதுவே தீர்ப்பாயிற்று.

அப்படியானால் வினாடி வினா வேண்டாமா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள்! நண்பர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வது மிகச் சிறந்த பழக்கம். அதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலார் மாணவர்களுக்கு ஒரு சிறிய பாடத்தைப் படிக்கக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் அதே பாடத்தை மறுமுறை படித்தனர். மற்றொரு பிரிவினர் பாடத்தை மூடி வைத்துவிட்டு, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுமுறை படித்தவர்களே முந்தினர். அவர்கள் 81 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியவர்கள் 75 விழுக்காடும் சரியாக நினைவு கூர்ந்தனர். ஆனால் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாக மாறியது. மறுமுறை படித்தவர்களிடம் 42 விழுக்காடே எஞ்சியிருந்தது. நினைவிலிருந்து எழுதியவர்களிடமோ 56 விழுக்காடு இருந்தது.

இதை ஒற்றையடிப் பாதைக்கு ஒப்பிடலாம். வயலின் நடுவே யாரும் நடக்காவிட்டால் பாதையில் புல் மூடிவிடும். நடக்க நடக்கப் பாதை தெளிவாகும். நினைவிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அந்தப் பாதையில் ஒருமுறை நடக்கிறீர்கள். பாடத்தை மறுபடி படிப்பது, வரப்பில் நின்று பாதையைப் பார்ப்பது போன்றதுதான்.

கேள்வி தூண்டும் ஆவலுக்கும் இதில் பங்குண்டு. 2009-இல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஆய்வில், பொது அறிவுக் கேள்விகளைப் படிப்பவர்களின் மூளையைக் காந்த ஒத்ததிர்வுக் கருவியால் படம் பிடித்தனர். விடையை அறிய ஆவல் மிகுந்தபோது, பரிசை எதிர்பார்க்கும்போது செயல்படும் மூளைப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. அத்தகைய கேள்விகளின் விடைகளே பல நாள் கழித்தும் நன்கு நினைவில் நின்றன.

தவறாக விடை சொல்லிவிட்டோமே என்று வெட்கப்படவும் தேவையில்லை. பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப் ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். ஒருவர் மிக உறுதியாக நம்பிச் சொன்ன விடை தவறு என்று தெரிந்து, சரியான விடையும் உடனே கூறப்பட்டால், அது பின்னர் மிக நன்றாக நினைவில் நிற்கிறது. வியப்பு நம் கவனத்தை இழுத்துப் பிடிக்கிறது. பெருஞ்சுவர் பற்றி இன்று படித்ததை நீங்கள் எளிதில் மறக்கமாட்டீர்கள் அல்லவா?

நான்கு விடைகளில் ஒரு பொறி

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில், மூன்று விடைகள் பொய். அந்தப் பொய்களையும் நாம் படிக்கிறோம். 2005-இல் ரோடிகரும் மார்ஷும் செய்த ஆய்வில், இவ்வகைத் தேர்வு எழுதியவர்கள் மொத்தத்தில் அதிகமாக நினைவு கூர்ந்தாலும், சிலர் தாம் தேர்ந்தெடுத்த தவறான விடையைப் பிறகு உண்மையென்றே எழுதினர். 2008-இல் பட்லரும் ரோடிகரும் இதற்கு மாற்று மருந்தைக் காட்டினர். தேர்வுக்குப் பின் சரியான விடையைத் தெரிவித்துவிட்டால் இந்தத் தீமை பெரிதும் குறைகிறது.

ஆகவே கேள்வியை மட்டும் அனுப்பிவிட்டு விடை சொல்லாமல் நண்பரைத் தவிக்க விடுவது விளையாட்டாகத் தோன்றினாலும், அவர் மனத்தில் தவறான விடையை விதைப்பதாக முடியலாம். யோசிக்க நேரம் கொடுங்கள். ஆனால் அன்றைக்குள் விடையையும், அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

நல்ல கேள்வி அமைப்பது எப்படி?

முதலாவதாக, சொல்லில் தெளிவு வேண்டும். 'உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?' என்றால் பலரும் சகாரா என்பார்கள். மழையோ பனியோ மிகக் குறைவாகப் பெறும் நிலமே பாலைவனம் என்ற வரையறைப்படி, சுமார் 1 கோடியே 40 இலட்சம் சதுர கி.மீ. பரப்புள்ள அண்டார்க்டிகாவே பெரியது. சகாராவின் பரப்பு 90 இலட்சத்தை ஒட்டியது. 'மிகப் பெரிய வெப்பப் பாலைவனம்' என்று கேட்டிருந்தால் சகாரா சரி. ஒரே ஒரு சொல் விடையை மாற்றிவிடுகிறது பாருங்கள்!

இரண்டாவதாக, ஆண்டைக் குறிப்பிட வேண்டும். விடைகளுக்கும் வயதாகும். 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து 76 ஆண்டுகள் கோள்கள் ஒன்பது என்பதே சரியான விடை. 2006-இல் புளூட்டோ குறுங்கோள் ஆக்கப்பட்டதால் அது எட்டு ஆயிற்று. சனிக்கோளின் ஒன்பதாவது துணைக்கோளான ஃபீபி 1899-இல் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் 128 துணைக்கோள்கள் ஒரே நேரத்தில் பட்டியலில் சேர, எண்ணிக்கை 274-ஐ எட்டியது. பழைய கேள்வித்தாளைப் படியெடுத்து அனுப்புபவர் இங்கே ஏமாந்து போவார்.

மூன்றாவதாக, விடையை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களிலாவது பார்த்து உறுதி செய்யுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருந்தால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். பெருஞ்சுவர்க் கேள்வியைப் போல், கணக்குப் போட்டே சோதிக்க முடியுமானால் அதைவிடச் சிறந்த வழியில்லை.

செய்து பாருங்கள்

உங்கள் நண்பர்களை இரு குழுவாகப் பிரியுங்கள். இருவருக்கும் 10 புதிய செய்திகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் குழு மறுமுறை படிக்கட்டும். இரண்டாம் குழுவுக்கு அவற்றையே கேள்விகளாக அனுப்பி, விடையையும் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றி இரு குழுவையும் சோதியுங்கள். குழு சிறியதாக இருந்தால் ஒரே சோதனையில் முடிவு கட்டாமல், அடுத்த வாரம் குழுக்களை இடம் மாற்றி மறுபடி செய்யுங்கள்.

தொடங்கி வைக்க இதோ மூன்று கேள்விகள். விடையைப் பார்க்கும் முன், உங்கள் விடையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

1. புவியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள மலையுச்சி எது?
2. தோலின் வழியே நீலமாகத் தெரியும் சிரைகளில் ஓடும் இரத்தத்தின் நிறம் என்ன?
3. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது எந்த மாதத்தில்?

விடைகள்

1. எக்குவடோர் நாட்டின் சிம்பராசோ. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 6,263 மீட்டர்தான். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். ஆனால் நிலநடுக்கோட்டருகே புவி சற்றுப் புடைத்திருப்பதால், மையத்திலிருந்து அளந்தால் சிம்பராசோ 2 கி.மீ. அளவுக்கு முந்துகிறது.

2. கருஞ்சிவப்பு. ஒளி தோலுக்குள் சென்று சிதறித் திரும்பும் விதத்தால் சிரைகள் நீலமாகத் தோன்றுகின்றன.

3. ஜனவரி. அப்போது தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கி.மீ.; ஜூலையில் 15.2 கோடி கி.மீ. கோடையும் குளிரும் தொலைவால் வருவதில்லை. புவியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதால் வருகின்றன.

எத்தனை சரி? தவறிய விடை ஏதேனும் இருந்தால், முதலில் அந்தக் கேள்வியையே உங்கள் நண்பருக்கு அனுப்புங்கள். விடையோடும் காரணத்தோடும் அனுப்ப மறவாதீர்கள்!