வகுப்பு எதுவானாலும் டிக்கெட் ஒன்றாக இருக்கட்டும்

மலாக்காவின் கெமண்டோர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய என் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் மகன், அம்மா படுத்துக்கொண்டே வரட்டும் என்று சேமிப்பைக் கரைத்து பிசினஸ் வகுப்பில் டிக்கெட் எடுத்தான். கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய பெரிய விமானத்தில் இருக்கை கட்டிலாக விரிந்தது. ஐரோப்பாவில் இறங்கி இரண்டாவது விமானம் ஏறியபோது மூன்று மூன்றாகப் போட்ட சாதாரண இருக்கைகளே இருந்தன. ஏமாற்றிவிட்டார்கள் என்று குடும்பமே கொதித்தது; புகார்க் கடிதமும் போனது.

திரும்பி வரும்போது முதல் விமானம் தாமதமாகி, கோலாலம்பூர் விமானம் கைநழுவியது. பெரியம்மா ஒரு இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார். மறுநாள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, அடுத்த பயணத்துக்கான வவுச்சர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. பணம் கேட்க உரிமையில்லாத இடத்தில் சண்டை போட்டோம்; உரிமை இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

மலாக்காவிலிருந்து ஐரோப்பா போவது இன்று அரிதான செய்தி இல்லை. பத்து பெரண்டாமில் 1973-இல் சீமென்ஸ் தொடங்கிய மின்னணுத் தொழிற்சாலை இப்போது இன்ஃபினியோன் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் தலைமையகம் ஜெர்மனியின் முனிச் நகரை ஒட்டி இருக்கிறது. இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். வேலைக்காகவும், படிக்கும் பிள்ளையைப் பார்க்கவும், பேறுகாலத்துக்குத் துணையாகவும் மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி கேஎல்ஐஏ போகிறவர்கள், பெரும்பாலும் இடையில் ஓரிடத்தில் விமானம் மாறித்தான் ஊர் சேர வேண்டியிருக்கிறது. அந்த மாறும் இடத்தில்தான் சிக்கலும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.

குட்டிப் பயணத்தில் 'பிசினஸ்' என்றால் என்ன?

ஐரோப்பாவுக்குள் ஒன்று, இரண்டு மணி நேரம் பறக்கும் விமானங்கள் பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகையைச் சேர்ந்தவை. பல ஐரோப்பிய நிறுவனங்கள் இவற்றில் தனி இருக்கை வைப்பதில்லை. முன்வரிசைகளில் நடு இருக்கையைக் காலியாக விட்டு, பின்னால் ஒரு திரையை இழுத்துவிடுவார்கள். கால் நீட்டும் இடம் பின்வரிசையைப் போலத்தான். கூடுதலாகக் கிடைப்பவை ஓய்வறை, முன்னுரிமை வரிசை, நல்ல சாப்பாடு, அதிகச் சாமான் எடை. டர்கிஷ் ஏர்லைன்ஸ் போன்ற சில நிறுவனங்கள் மட்டுமே குட்டி விமானத்திலும் அகலமான தனி இருக்கை தருகின்றன.

ஆகவே டிக்கெட்டில் பிசினஸ் என்று எழுதி, நடு இருக்கை காலியாக உள்ள வரிசையில் உட்காரவைத்தால் அது ஏமாற்று ஆகாது. முழங்கால் வலி உள்ளவருக்கு எடுக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு பகுதியிலும் எந்த வகை விமானம், இருக்கை சாயுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

உண்மையான வகுப்பிறக்கம்

பிசினஸ் டிக்கெட் வைத்திருப்பவரை இடமில்லை என்று சாதாரண வகுப்பில் உட்காரவைப்பதுதான் வகுப்பிறக்கம். 2005 பிப்ரவரி 17 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரையான பறப்புக்குக் கட்டணத்தில் 30 விழுக்காடு, நடுத்தரத் தூரத்துக்கு 50, ஐரோப்பாவுக்கு வெளியே 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 75 விழுக்காடு. ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

எந்தக் கட்டணத்தில்? எமிரேட்ஸ் விமானத்தில் முதல் வகுப்பிலிருந்து இறக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 2016 ஜூன் மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. முழு டிக்கெட்டையும் கணக்கில் எடுக்க முடியாது. வகுப்பு இறக்கப்பட்ட அந்தப் பகுதியின் விலை மட்டுமே கணக்கு. பகுதி விலை தனியாக அச்சிடப்படவில்லை என்றால், மொத்தத் தூரத்தில் அந்தப் பகுதியின் பங்கை வைத்துப் பிரிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோலாலம்பூர், ஆம்ஸ்டர்டாம், முனிச் என்று ஒருவழிப் பயணம். வரி நீங்கலாகக் கட்டணம் 9,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் பகுதி சுமார் 10,200 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 670. இரண்டாவது பகுதியின் பங்கு ஏறக்குறைய 555 ரிங்கிட். அதில் 30 விழுக்காடு 166 ரிங்கிட். நீண்ட பகுதியில் இறக்கியிருந்தால் 6,300 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கலாம். குட்டி விமானத்தில் இறக்கிவிட்டார்கள் என்றால் கேட்டு வாங்குங்கள், ஆனால் அது சிறு தொகை என்பது தெரிந்திருக்கட்டும்.

பெரிய தொகை தாமதத்தில் இருக்கிறது

ஒரே முன்பதிவில் உள்ள எல்லாப் பகுதிகளையும் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரே பயணமாகப் பார்க்கிறது. முதல் விமானம் எவ்வளவு நேரம் தாமதம் என்பது முக்கியமில்லை. கடைசி ஊருக்கு எத்தனை மணி தாமதமாக வந்து சேர்ந்தீர்கள் என்பதே அளவு. முனிச்சில் முக்கால் மணி நேரம் தாமதமாகி, அதனால் ஆம்ஸ்டர்டாமில் கோலாலம்பூர் விமானத்தைத் தவறவிட்டு, மறுநாள் வந்தால் அது ஒரு நாள் தாமதம்.

கடைசி ஊரில் 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் இழப்பீடு உண்டு: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, நடுத்தரத் தூரத்துக்கு 400, ஐரோப்பாவிலிருந்து மலேசியா போன்ற நெடுந்தூரத்துக்கு 600. நெடுந்தூரத்தில் தாமதம் 4 மணி நேரத்துக்குள் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். பிசினஸில் வந்தவருக்கும் கடைசி வரிசையில் வந்தவருக்கும் ஒரே தொகை. கம்பெனி டிக்கெட் எடுத்திருந்தாலும், விதி இழப்பீட்டைப் பயணிக்கே தரச் சொல்கிறது.

எந்தப் பயணத்துக்கு இது பொருந்தும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமானாலும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போகும்போது, பறப்பது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும் பொருந்தும். நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்தில் கோலாலம்பூரிலிருந்து போனால் இரு வழியும் பாதுகாப்பு. கத்தார் ஏர்வேஸில் தோஹா வழியாகப் போனால், திரும்பும் வழிக்கு மட்டும் பாதுகாப்பு. டிக்கெட்டில் எந்தப் பெயர் அச்சிட்டிருக்கிறது என்பதைவிட, விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்று பாருங்கள். இந்த நேர வரம்புகளை மாற்றும் பேச்சு ஐரோப்பாவில் 2025 முதல் சூடாக நடக்கிறது. கிளம்பும் முன் அன்றைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

புயல், எரிமலை போன்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், அங்கே போய்வர வண்டி ஆகியவற்றை அப்போதும் தந்தே ஆக வேண்டும். 2010-இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வானம் மூடப்பட்ட பிறகு வந்த வழக்கிலும் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஓட்டல் தராமல் கைவிரித்தால், நியாயமான செலவில் நீங்களே தங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். என் பெரியம்மா அன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கையெழுத்துக்கு முன்

இழப்பீட்டைப் பணமாகவோ, வங்கி வழியாகவோ, காசோலையாகவோ தர வேண்டும் என்கிறது விதி. வவுச்சர் தருவதானால் பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்து ஆபீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள். நமக்குப் படிக்கத் தெரியும். களைப்பிலும் பயத்திலும் நிற்கும்போது நீட்டப்படும் தாளை மட்டும் படிக்காமல் தொடாதீர்கள். "இதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன், முதலில் தாமதக் காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று சொல்வது உங்கள் உரிமை.

இரண்டு டிக்கெட் எடுத்தால்

மலிவாக இருக்கிறதே என்று கோலாலம்பூரிலிருந்து லண்டன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து முனிச்சுக்குத் தனியாக இன்னொன்று என்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் கடமை எதுவும் இல்லை. வராதவர் என்று குறித்துவிட்டுப் போய்விடும். சாமானை எடுத்து மறுபடி போட வேண்டும். எடை அளவும் வேறாக இருக்கும். லண்டனில் குடிநுழைவைக் கடந்து வெளியே வர வேண்டியிருந்தால், 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்களுக்கும் முன்கூட்டிய மின்னணுப் பயண அனுமதி தேவை. இரண்டும் பிசினஸ் வகுப்பாகவே இருந்தாலும் இந்த ஆபத்து குறையாது.

ஏஜண்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எல்லாப் பகுதியும் ஒரே முன்பதிவு எண்ணிலா? சாமான் கடைசி ஊர் வரை போகுமா?" பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ளவரா என்றும் பாருங்கள்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், பெயர். கடப்பிதழில் 'ஏ/எல்', 'ஏ/பி' இருக்கும். முன்பதிவுக் கணினி சாய்கோட்டை ஏற்காது. நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. ஒரு டிக்கெட்டில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பெயரைப் பிரித்தால் முகப்பில் நிறுத்திவிடுவார்கள். எல்லா டிக்கெட்டிலும் ஒரே மாதிரி, கடப்பிதழோடு ஒத்திருக்கட்டும்.

மாறும் நேரம்

ஆம்ஸ்டர்டாம் வழியாக முனிச் போனால், ஐரோப்பாவின் பொது எல்லைப் பகுதியான ஷெங்கனுக்குள் நுழையும் குடிநுழைவுச் சோதனை ஆம்ஸ்டர்டாமிலேயே நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடப்புக்கு வந்த புதிய பதிவு முறையில், முதல்முறை போகிறவரின் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். வரிசை நீளலாம். விற்கிறார்கள் என்பதற்காக ஒரு மணி நேர இடைவெளியை எடுக்காதீர்கள். வயதானவர்களுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் விடுங்கள். சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் கேட்டு வைத்தால் இலவசமாகக் கிடைக்கும்.

சாமான் வராவிட்டால்

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சாமான் முகப்பில் புகார் எழுதி எண் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குச் சாமான் கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். வழக்கு என்றால் 2 ஆண்டுக்குள். ஒரு பயணிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகு, அதாவது 8,000 ரிங்கிட்டைத் தாண்டும் தொகை. இழப்பைக் காட்ட ரசீது வேண்டும். தாலி, நகை, மருந்து எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

எங்கே முறையிடுவது?

முதலில் விமான நிறுவனத்துக்கே எழுத வேண்டும். முன்பதிவு எண், விமான எண், வந்து சேர்ந்த நேரம், கேட்கும் தொகை, வங்கிக் கணக்கு ஆகிய ஐந்தும் போதும். ஏறும் அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள்; கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மறுத்தால், சம்பவம் நடந்த ஐரோப்பிய நாட்டின் விமானப் பயணியர் அமலாக்க அலுவலகத்தை நாடலாம். வழக்குக்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும்: நெதர்லாந்தில் 2 ஆண்டு, ஜெர்மனியில் 3.

மலேசியாவுக்கு வரும், இங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறி இருக்கிறது. 2 மணி நேரத் தாமதத்துக்கு உணவு. 5 மணி நேரம் ஆனால், இரவு தங்க வேண்டியிருந்தால் ஓட்டலும் வண்டியும். 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரம் தாமதமானால் பயணத்தை விட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 30 நாளுக்குள், கட்டிய வழியிலேயே பணம் வர வேண்டும். ஐரோப்பாவின் 600 யூரோ போன்ற இழப்பீடு இதில் இல்லை. புகாரை விமான நிறுவனம் 30 நாளில் தீர்க்காவிட்டால், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இடம் போகலாம்; முன்பு இந்தப் புகார்களைக் கவனித்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1-இல் அதனோடு இணைந்துவிட்டது. ஏஜண்ட் தவறாக விற்றிருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரை, கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை.

பெரியம்மாவின் வவுச்சர் பயன்படாமலே காலாவதியாகிவிட்டது. அடுத்த முறை அவருக்கு டிக்கெட் எடுத்தபோது இருக்கை விரியுமா என்று அவர் கேட்கவில்லை. "எல்லாம் ஒரே நம்பர்தானே, தம்பி?" என்று மட்டும் மகனிடம் கேட்டார். நாமும் பணம் கட்டும் முன் அதைத்தான் கேட்க வேண்டும்.